நாலு ஓட்டை சார்ஜர்

பொகவந்தலாவை பஜாரில் நிரோஷனின் போன் கடைக்கு வருகிறவர்கள் சார்ஜரின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சுதர்ஷினி மட்டும் பின்பக்கத்தைத் திருப்பினாள். எறும்பு ஊர்ந்தது போலிருந்த அந்த எழுத்துகளைப் படிக்கக் கடைக்குள் வெளிச்சம் போதாமல், சார்ஜரோடு வாசலுக்கே போய்விட்டாள்.

“டீச்சரம்மா, ஆறு ஓட்டை, நூத்தியிருபது வாட்ஸ். ரெண்டாயிரத்து இருநூறு ரூவா. இன்னும் கொறச்சா நான் கடைய சாத்திட்டுக் கொழுந்து பறிக்கத்தான் போகணும்” என்றான் நிரோஷன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு அவள் பாடம் சொல்லிக்கொடுப்பதால் பஜாரிலும் அவள் டீச்சரம்மாதான்.

“உங்க கைக்கு முத்தல் இலைதான் வரும் அண்ணே. இங்க பாருங்க, முன்னால நூத்தியிருபதுன்னு போட்டுட்டுப் பின்னால அஞ்சு வோல்ட், மூணு அம்பியர்னு போட்டிருக்காங்க. பெருக்குங்க.”

“பதினஞ்சு.”

“அந்தப் பதினஞ்சைத்தான் ஆறு ஓட்டையும் பங்கு போட்டுக்கும்.”

அவள் சொன்னது சரி. வோல்ட் என்பது தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பது போல. அம்பியர் என்பது குழாயின் பருமன் போல. இரண்டையும் பெருக்கினால் குடம் எவ்வளவு வேகமாக நிறையும் என்று தெரிந்துவிடும், அதுதான் வாட்ஸ். வேகமாக ஏற்றும் சார்ஜர் இன்னொரு வேலையும் செய்யும். போனோடு பேசும். முதலில் ஐந்து வோல்ட் கொடுத்துவிட்டு, ‘இதற்கு மேல் தாங்குவாயா?’ என்று கேட்கும். ‘ஒன்பது தாங்குவேன்’ என்று போன் சொன்ன பிறகுதான் ஏற்றும். அந்த ஆறு ஓட்டைக்காரனுக்கு இந்தப் பேச்செல்லாம் தெரியாது.

நிரோஷன் கண்ணாடி அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தான். நாலு ஓட்டை, அறுபத்தைந்து வாட்ஸ். நாலிலும் போன் செருகினால் முதல் ஓட்டைக்கு நாற்பத்தைந்து, மற்ற மூன்றுக்கும் சேர்த்து இருபது என்று பின்னால் ஒழுங்காகப் போட்டிருந்தது. விலை நாலாயிரத்து எண்ணூறு.

“மல்டி பிளக் ஒண்ண வாங்கி, சின்ன சார்ஜரா ரெண்டு மூணு போட்டா இதை விட மலிவு” என்றான்.

“போன வருசம் கீழ் லயம் அதுலதானே எரிஞ்சிச்சு? அப்பா வாசப்படி தாண்ட விட மாட்டாரு.”

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு மணி நேரம்தான். சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குப் போனிலேயே தேர்வு. தமிழில் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. பதிவு செய்த அதே போனில்தான் எழுத வேண்டும். நடுவில் போன் அணைந்தால் தேர்வு முடிந்ததாகக் கணக்கு. வருடத்துக்கு ஒரு தடவைதான் ஆள் எடுக்கிறார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து, விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வரச் சொல்லிக் கங்காணி பழனியாண்டி இரண்டு முறை கேட்டாயிற்று. “சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க” என்று சொல்லி வைத்திருந்தார் அப்பா செல்லசாமி.

அவள் போனின் பேட்டரியோ செத்துவிட்டது. வயர் செருகியிருக்கும் வரைதான் போனுக்கு உயிர். அந்த மாடலுக்கு பேட்டரி தேடி ஹட்டன் வரை போயும் கிடைக்கவில்லை.

வயரைக் கழற்றாமல் வைத்திருப்பதுதான் அந்த வீட்டில் முடியாத காரியம். லயத்தில் எட்டு வீடுகள். மீட்டர் உள்ளது செல்லசாமி வீட்டில் மட்டும், அங்கேயும் பிளக் ஒன்றே ஒன்று. அந்த மின்கம்பத்தை மேட்டுக்குத் தோளில் சுமந்து வந்தது எட்டு வீட்டு ஆம்பிளைகளும். அதனால் போனைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் டியூஷன் காசு சேர்த்து, யாருக்கும் இல்லையென்று சொல்லாமல் தன் வயரையும் காப்பாற்றிக்கொள்ள அவள் கண்ட வழிதான் இந்த நாலு ஓட்டை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தாள். தன் போன் முதல் ஓட்டையில், பக்கத்து வீட்டுப் போன்கள் மற்ற மூன்றில். ஒரு மணி நேரம் வீடியோ ஓடியது. ஒரு சிமிட்டல் கூட இல்லை.

“இது ஒரு பானைச் சோறு மாதிரி அத்தே. உள்ள கரண்ட எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கும். ஆள் கொறஞ்சா இருக்கிறவங்களுக்குக் கூட வரும்” என்று அடுத்த வீட்டு ராக்காயிக்கு விளக்கினாள்.

“அப்ப நாம நாலு பேரும் ஒரே பந்தியில குந்தியிருக்கோம்னு சொல்லு. ஒம் போனுதான் பெருந்தீனிக்காரி போல.”

“நாளைக்கு மட்டும் எம் வயரை யாரும் தொட்டுறாதீங்க அத்தே.”

“தொடுறவ கைய நானே ஒடிக்கிறேன்.”

சனிக்கிழமை அறுபது கேள்விகள். பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் முப்பத்தெட்டாவது கேள்வியில் இருந்தாள். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த ராக்காயி, மழைக்குக் கட்டியிருந்த நனைந்த படங்கை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பூனை மாதிரி உள்ளே வந்தாள். குனிந்த தலை நிமிராமல் எழுதும் பிள்ளையைப் பார்த்தாள். அந்த வயரைத் தொடவில்லை. இரண்டாவது ஓட்டையில் இருந்த தன் போனை மட்டும் மெல்ல உருவினாள்.

“ஒனக்குக் கூட வரட்டும்டி” என்றாள், காதோடு சொல்வது போல.

சுதர்ஷினியின் திரை கறுத்தது.

நடந்தது இதுதான். ஒரு போன் விலகியதும் சார்ஜர் பங்கை மறுபடி பிரிக்க வேண்டும். இந்த மாதிரி சார்ஜர்கள் அதற்காக எல்லா ஓட்டைகளையும் ஒரு கணம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு போனிடமும் ‘உனக்கு எவ்வளவு?’ என்று முதலிலிருந்து கேட்கும். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. நல்ல பேட்டரி உள்ள போனுக்கு இது தெரியவே தெரியாது. அந்த இரண்டு விநாடியைத் தாங்க அவள் போனில் ஒன்றுமில்லை. செருகியபடியே இருந்ததைத்தான் அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். உருவிப் பார்க்கவில்லை.

போன் திரும்ப எழுந்து வர ஒன்றரை நிமிடம் ஆனது. ‘உங்கள் விடைகள் பெறப்பட்டன. நன்றி’ என்றிருந்தது.

உதவிக்குக் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். சுத்தமான, இனிமையான தமிழ். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். “மன்னிக்கணும் மிஸ், மறுபடி திறக்க வசதி இல்லை. வேறு ஏதாவது உதவி தேவையா?” என்றாள்.

“இல்ல” என்றாள் சுதர்ஷினி.

ராக்காயி சுவரோரம் நின்றிருந்தாள். “என்னடி? கரண்டு போச்சா?” பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. கையிலிருந்த தன் போனையும் சார்ஜரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் கழட்டுனதாலயா?”

வோல்ட்டிலிருந்து தொடங்கி முழு விளக்கமும் சுதர்ஷினியின் வாய் வரை வந்தது.

“பழைய போன் அத்தே. அது அப்பிடித்தான்.” ராக்காயியின் போனை வாங்கி மறுபடி செருகினாள். ராக்காயி நம்பவில்லை. படங்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

சாயந்திரம் பழனியாண்டி வாசலில் நின்று குரல் கொடுத்தார். செல்லசாமி மகளைப் பார்த்தார். அவள் பெட்டியிலிருந்து அடையாள அட்டையை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.

“திங்கக்கெழமையிலேருந்தே பெரட்டுக்கு வர்றேன்னு சொல்லிருங்கப்பா.”