நீ சொல்ல நான் சொன்னேன்

ஞானதுரையைத் திட்டுவதென்றால் என்னிடம் இன்றைக்கும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரியான நான் அவன் பாட்டைக் கேட்டவள். தபசு காலத்தில் கோயில் வாசலில் உட்கார்ந்து, அந்த ஒற்றை நரம்புத் துந்தனாவை மீட்டிக்கொண்டு அவன் சிலுவைப் பாட்டை எடுத்தால், பெற்ற தாய்க்குச் சோறு போடாதவன்கூட மூக்கைச் சிந்துவான். சின்னமனூர் சுற்றுவட்டாரத்தில் வேதக்காரர் வீட்டுக் கல்யாணமோ சாவோ, பாட்டு அவனுடையதுதான். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கட்டுவான். மறுநாள் தெருவே பாடும்.

எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரிதான் முடிப்பான். கடைசி அடியில் தன் பேரைப் போட்டு, "தாயே, நீ சொல்ல நான் சொன்னேன்" என்பான். பாட்டு கட்டுகிறவர்கள் வழக்கமாகப் போடுகிற அடிதான் அது. அடக்கம் மாதிரியும் இருக்கும், பெருமை மாதிரியும் இருக்கும். யாரும் அதைச் சத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் தங்கை சுகிர்தம் எடுத்துக்கொண்டாள். சின்னதிலேயே தாயைப் பறிகொடுத்தவள், அண்ணன் பாட்டில் வளர்ந்தவள். மாதா வந்து அண்ணன் காதில் பேசுகிறாள் என்று எங்களிடமெல்லாம் சொல்வாள். அவன் கேட்டுச் சிரிப்பானே தவிர, ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

மேகமலைக் காட்டை வெட்டித் தேயிலை போட ஆரம்பித்த காலம் அது. ஆள் சேர்க்கும் கங்காணி தவசி ஊர் ஊராக அலைந்தும் மலையேற ஆளில்லை. மேலே போனவனைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோய்விடும் என்று எல்லோருக்கும் பயம். தவசி கெட்டிக்காரன். நேரே ஞானதுரை வீட்டுக்கு வந்தான்.

"பாட்டுக்காரரே, மேல ஒங்க மாதாவுக்குக் கெபி கட்டத் தொரை எடம் விட்டுருக்காக. அந்தத் தாயி பேருல ஒரு பாட்டு கட்டுங்க. காச்சலுன்னு கேட்டாலே சனம் ஓடுது. அந்தப் பயம் போகணும்."

ஞானதுரை கட்டினான். ஆர்மோனியத்துக்காகத்தான் கட்டினான் என்று சொன்னால் எனக்குப் பாவம் வரும். ஆனால் பாட்டு முடிந்ததும் தவசி மதுரையிலிருந்து புது ஆர்மோனியம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

மேகமலை ஆளும் தாயே
மேனி கொதித்தால் ஆற்றுவாயே
கசக்கும் மருந்து எனக்கெதற்கு
கன்னிமரி பேர் எனக்கிருக்கு

அதுவரை அவன் அந்த மலையில் கால் வைத்ததே இல்லை. வயலில் நின்று தலையைத் தூக்கினால் நீலமாகத் தெரியும், அவ்வளவுதான் அவன் கண்ட மலை. ஆழம் தெரியாமல் காலை விட்டது அவன், முழுகியது ஊரார் பிள்ளைகள். பாட்டு அப்படி நன்றாக இருந்ததுதான் கேடு. நானே பாடியிருக்கிறேன். குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். சுகிர்தமும் அவள் புருஷன் ஆரோக்கியசெல்வமும் மூன்று பிள்ளைகளோடு ஏறினார்கள். வழியனுப்ப வந்த ஞானதுரை கூட்டத்தின் முன்னால் நின்று அதையே பாடினான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பூரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் மழைக்காலத்தில் மூத்த பெண் போனாள். செய்தி வந்ததும் அவன் அழுதான், உடனே ஒரு சாவுப்பாட்டும் கட்டி, மேலே போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினான். அடுத்த வருஷம் நடுவுள்ள பையன் போனான். அதற்கும் ஒரு பாட்டு. அழுவதும் கட்டுவதும் அவனுக்கு ஒன்றுதான்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஆரோக்கியசெல்வம் தனியாக இறங்கி வந்தான். வாய் திறந்து பேசாத மனிதன். மேலே நடந்ததெல்லாம் பின்னால் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு மாட்டுக்கொட்டத்தில் நின்றுகொண்டே மச்சானிடம் சொன்னான்:

"கம்பவுண்டர் தெனமும் கொயினா மாத்திரை குடுக்குறாரு, மச்சான். ஒங்க தங்கச்சி கைநீட்டி வாங்கிக்கிறா. பிள்ளைக்குக் குடுக்க மாட்டேங்கிறா. பாட்டுல மருந்து வேண்டாம்னுருக்கு, அது மாதா சொன்னதுங்கிறா. மொத ரெண்டுக்கும் நானும் நம்பித்தான் இருந்தேன். இப்பச் சின்னவ பவுனுக்குக் காச்சல். நான் ஊட்டுனா வாயில வெரல விட்டு எடுத்துப்புடுறா. இருக்கிறது இந்தக் கடைசி ஒண்ணுதான். நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பா."

ஞானதுரை வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நடந்தான். பிள்ளைகள் காய்ச்சலில் போனது அவனுக்குத் தெரியும். கையில் மருந்து இருந்தும் போனது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மலைப்பாதை முழுக்க அட்டை. கால் இரண்டும் ரத்தமாக அவன் தோட்டத்து லயன் வீடுகளுக்கு வந்தபோது, "பாட்டுக்காரர் வந்துட்டாக" என்று பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதா கெபிக்குப் பின்னால் சின்னச் சின்ன மண்மேடுகள் வரிசையாகக் கிடந்தன. அவன் அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தான் என்று ஆரோக்கியசெல்வம் சொன்னான்.

சுகிர்தம் பிள்ளையை மடியில் கிடத்தி அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா அண்ணே! எனக்குத் தெரியும். உக்காரு, நீ பாடு. நீ பாடுனா மாதா உடனே கேப்பா."

பவுனு கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது.

"பாட்டு இருக்கட்டும், ஆத்தா. மொதல்ல மாத்திரையக் குடு."

"வேண்டாம்னவன் நீதான?"

அங்கேயும் அவன் குறுக்குவழிதான் தேடினான். கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்திலேயே புதிதாக ஒரு அடி கட்டிப் பாடினான். கசக்கும் மருந்தும் உன் கருணை தாயே, கைநீட்டி வாங்கினேன் காப்பாய் நீயே என்று. குரல் கெஞ்சியது. சுகிர்தம் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது நீ கட்டுனது, அண்ணே. பயந்துபோயி கட்டியிருக்க. அது அவ சொன்னது. இப்ப நம்மளச் சோதிக்கிறா. மூத்தவளக் கேட்டா, குடுத்தேன். பையனக் கேட்டா, குடுத்தேன். இவள எனக்கே விட்டுருவா. நீ வேணா பாரு."

அந்த இரண்டு சாவையும் அவள் எதை நம்பித் தாங்கிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் மடியில் கிடப்பது பிழைக்கும். சொன்ன பிறகு தங்கை எப்படிப் பிழைப்பாள்? பிள்ளைக்குத் தூக்கிப் போட ஆரம்பித்தது. அவன் தங்கை கழுத்து ஜெபமாலையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டான்.

"இதத் தொட்டுச் சொல்றேன். எங்கிட்ட யாரும் வந்து சொல்லல. மாதாவும் சொல்லல, ஒருத்தரும் சொல்லல. கங்காணி கேட்டாரு, கொட்டத்துல நின்னு நான் கட்டுனேன். மருந்து வேண்டாம்னு வாயில வந்துச்சு, கேக்க நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்."

"எல்லாப் பாட்டுமா?"

"எல்லாப் பாட்டுந்தான்."

அவள் அழவில்லை, அடிக்கவில்லை. எழுந்து போய் மாத்திரையை எடுத்து வந்தாள். கரண்டியில் நசுக்கிக் கருப்பட்டித் தண்ணீரில் குழைத்தாள். பிள்ளை துப்பியது. தாடையைப் பிடித்து மறுபடியும் ஊட்டினாள். அன்றிலிருந்து வேளை தவறாமல் ஊட்டினாள். அண்ணனுக்கும் சோறு போட்டாள், அட்டை கடித்த புண்ணுக்குச் சுண்ணாம்பு தடவினாள். மற்ற வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, "எங்கண்ணன் சொன்னாக, மருந்தக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. ஞானதுரையும் வாயைத் திறக்கவில்லை. நம் தங்கை மன்னித்துவிட்டாள் என்று அந்த முட்டாள் நினைத்தான்.

சில நாளில் காய்ச்சல் விட்டது. பவுனு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. ஞானதுரை பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். கீழே போனதும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடுவேன், இனிமேல் துந்தனாவைத் தொடமாட்டேன் என்றெல்லாம் சொன்னான். சுகிர்தம் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போயி, பொய் பாடுனேன்னு சாமியார்ட்டச் சொல்லிருவ, அண்ணே. அவுகளும் மன்னிச்சு விட்டுருவாக." அவள் குரலில் கோபமே இல்லை. "மூத்தவ கடைசியா, அம்மா எனக்கு அந்த மாத்திரையக் குடும்மான்னு கேட்டா. அவ கண்ணு முன்னாலதான் அடுப்புல போட்டேன். நான் யார்ட்டப் போயிச் சொல்ல?"

பிள்ளை இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டது. சுகிர்தம் எழுந்து போய் ஊற்றினாள்.