இஞ்சின் தந்த வெந்நீர்

கல்யாணமாகி வந்த முதல் மார்கழியிலேயே இசபெல்லாவுக்குக் கிணற்றுத் தண்ணீரோடு பகை. சித்தேரி மலைக் குளிர் பாப்பிரெட்டிப்பட்டிக் காடு கழனிகளில் வெயிலேறும் வரை நிற்கும். எண்பத்து மூன்றாம் வருஷம் அந்தக் குளிர் இன்னும் மோசம்.

அவள் புருஷன் சவரிக்கு வேறு கவலை. கிணற்றடி டீசல் இஞ்சின் வெள்ளைப் புகை கக்கியது, தண்ணீர் இழுக்கத் திணறியது. மஞ்சள் வயல் காய்ந்தது. இஞ்சினை ஓடவிட்டுவிட்டு மெக்கானிக் பச்சியப்பனைக் கூட்டிவரப் போயிருந்தான்.

இஞ்சின் சூட்டைத் தணிக்க, பம்ப் தள்ளும் தண்ணீரில் கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாக சிலிண்டரைச் சுற்றி ஓடி வெளியே கொட்டும். இசபெல்லா அதில் கை வைத்தாள். ஐஸ் போலிருந்தது. குழாயின் திருகைப் பாதி மூடினாள். வெதுவெதுப்பானது. இன்னும் கொஞ்சம் மூடினாள். நல்ல குளிக்கிற சூடு. சேலையோடு குழாய்க்கடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துக் காட்டுத் தீர்த்தம்மாள் ஆவியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஏன்டி, இங்க அடுப்பு எங்கடி இருக்குது?"

"உக்காருங்கக்கா, தெரியும்."

சோப்பு கைமாறியது. இருவருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. புகை நின்றதையோ, இஞ்சின் கணீரென்று அடிப்பதையோ, வாய்க்கால் நிரம்பி வழிவதையோ கவனிக்கவில்லை.

வாய்க்காலின் முழங்கால் தண்ணீரில் இறங்கி சவரியும் பச்சியப்பனும் வந்தபோது பெண்கள் இருவரும் இஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்கள். பச்சியப்பன் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு, புங்கமரத்தைப் பார்த்துக் கேட்டார்:

"திருகைத் தொட்டது யாருங்க?"

"நாந்தாங்க. குளிருச்சு," என்றது கொட்டகை.

"நல்லதாப் போச்சு. உள்ள எரியிற சூட்டையெல்லாம் சிலிண்டர் சுவரு வழியா கெணத்துத் தண்ணி உறிஞ்சிக்கிட்டிருந்துச்சு. சுவரு சில்லுனு இருந்தா டீசல் எங்க முழுசா எரியும்? அதான் வெள்ளப் பொகை. இதுக்கு மேல மூடிராதீங்க, சூடு ஏறி பிஸ்டன் இறுகிப் புடிச்சிக்கும்."

சவரி வயலைப் பார்த்தான். மஞ்சள் மிதந்தது.

"உங்க தண்ணி எங்காட்டுலயும் நிக்குது," என்றாள் தீர்த்தம்மாள்.

"நிக்கட்டுங்கக்கா," என்ற சவரி, குழாயடியில் கை நீட்டிப் பார்த்தான். அப்படியே சட்டையோடு உட்கார்ந்தான். அவன் சிரிப்பு ரோடு வரை கேட்டது.

பச்சியப்பன் ஸ்பேனர் பையை மரத்தில் மாட்டிவிட்டு, மெதுவாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.