மூன்று நாள் கிரகணம்

மூன்று நாளாக அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை. காரணம் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவர் மேல் இருந்த எரிச்சலையெல்லாம் கொட்டி அவள் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். தபாலில் போடுகிறேன் என்று வாங்கிப்போன மனுஷன் அதைப் பிரித்துப் படித்தார். அதோடு விட்டாரா? பதினொரு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, திரும்ப ஒட்டி அனுப்பிவிட்டார்! அக்கா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்கு மானமே போயிற்று.

"அவர் வாயால மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரணும்க்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா நான் உன் வீட்டுக்கு வந்துடறேன்" என்று சொல்லியிருந்தாள். இன்று வெள்ளி. பை மேஜைக்கடியில் தயாராக இருந்தது. பஸ் ஐந்தரைக்கு.

வம்பு என்னவென்றால் இருவருக்கும் ஒரே அலுவலகம், எதிரெதிர் மேஜை. ஜெர்மன் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் தரும் அகராதி தயாராகும் இடம் அது. அவள் பொருள் எழுதுவாள், அவர் பிழை பார்ப்பார். பொருளுக்கு ஒரு சீட்டு, அதில் ஓர் உதாரண வாக்கியம், கீழே அவர் கையெழுத்து. போட மறுத்தால் எழுந்துபோய் வாயால் காரணம் சொல்ல வேண்டும். பதிப்பாசிரியரம்மா போட்ட சட்டம்.

அன்றைக்கு வந்த சொல் ஃபின்ஸ்டர்னிஸ், அதாவது இருட்டு. இவளுக்குச் சொல்லவா வேண்டும்!

முதல் பொருள் டார்க்னஸ். 'அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பவன் மனம் முழுக்க இருட்டு' என்று உதாரணம் எழுதித் தள்ளினாள். அவர் படித்தார், கையெழுத்துப் போட்டார், திருப்பித் தள்ளினார்.

இரண்டாவது க்ளூம். 'வீட்டை இருள் கவ்விக் கிடக்க, அவன் தனியாக ரொட்டியைக் கருக்கினான்.' அதற்கும் கையெழுத்து. அட கல்லுளிமங்கா!

மூன்றாவது எக்லிப்ஸ். அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை. 'கிரகணம் ஒரு மணி நேரம் நீடித்தது' என்று எழுதித் தள்ளிவிட்டுப் பையை எடுக்கக் குனிந்தாள்.

நாற்காலி நகர்ந்தது. அவர் சீட்டோடு வந்து நின்றார்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது."

"என்ன தப்பு?"

"இருக்கு."

"எங்கன்னு காட்டுங்க."

அவர் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. காது சிவந்துவிட்டது.

"அந்த ரெண்டுக்கு மட்டும் போட்டீங்களே?"

"அது ரெண்டும் உண்மை. அதான் போட்டேன்." அவர் கண் அவள் கையிலிருந்த பைமேல் இருந்தது. "நான் பிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுடும்மா. போகாத."

அவள் பையை இறக்கிவைத்தாள். அவருடைய சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, 'ஒரு மணி நேரம்' என்பதை அடித்து, 'மூன்று நாள்' என்று எழுதி நீட்டினாள்.

"கிரகணம் மூணு நாளெல்லாம் இருக்காதும்மா. இது தப்பு."

"தெரியும். போடுங்க."

பிறத்தியார் கடிதத்தில்கூடப் பிழையை விட்டுவைக்காத மனுஷன், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.