பாதி ஊரில் பனி

சாந்தாமணி அத்தை பித்தளை டம்ளரில் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அன்னூர்த் தோட்டத்து மண். மஞ்சப்பையில் முடிந்து, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தபோதும் பையை மடியைவிட்டு இறக்காமல் காலையில்தான் கோத்தகிரி வந்து சேர்ந்திருந்தாள். ஆள்காட்டி விரலால் கலக்கி, தெளிந்த நீரில் ஒரு சொட்டு எடுத்துத் தம்பி நஞ்சப்பனின் உதட்டில் விட்டாள்.

சொட்டு கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. மூச்சு மட்டும் பழையபடி கரகரவென்று ஏறி, நின்று, மறுபடி ஏறியது. அது நிற்கும் ஒவ்வொரு தடவையும் அறையில் இருந்தவர்களின் மூச்சும் சேர்ந்து நின்றது.

"எறங்க மாட்டேங்குதே கண்ணு" என்றாள் அத்தை, ஷண்முகப்ரியாவைப் பார்த்து. "பொன்னை ஒரசி ஊத்தியாச்சு. மண்ணைக் கரைச்சும் ஊத்தியாச்சு. உங்கொப்பன் உசுரு எது மேல கெடக்குதோ?"

சாகிறவருக்கு எதன் மேல் ஆசையோ அதைக் கரைத்து ஊற்றினால் உயிர் பிடியை விடும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஆனால் நஞ்சப்பன் நிலத்தை எங்கே கண்டார்? மீசை முளைத்த வயதில் டீ ஃபேக்டரி ஆபீஸ் வேலைக்கு மலையேறியவர், பிறகு தோட்டத்துப் பக்கம் போனதெல்லாம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் கறி விருந்துக்கும்தான். மண்டைக்குள் கட்டி, ரொம்ப நாளாக வளர்ந்திருக்கிறது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் திறந்திருந்தது.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியவள் சட்டென்று ஷண்முகப்ரியாவின் கையைப் பிடித்தாள். வேலிக்கு அப்பால் தேயிலைக்குள் ஒரு காட்டெருமை நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டானே. வாகனத்தோட வந்து நிக்கறானே."

"அது தெனமும் வர்றதுதானுங்கத்தை" என்றான் அண்ணன் கதிர். சொன்னானே தவிர, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

அத்தையின் பார்வை அறையைச் சுற்றிவந்து, நடைக்கு எதிரே மூடியிருந்த கதவில் நின்றது. அத்தை அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று ஷண்முகப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஊர் இருந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியை நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு பூங்கா செய்து தரச் சொல்லப்போக, அப்பாவும் மகளுமாக ஆரம்பித்த வேலை. பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு ரோடு, ரோட்டுக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு, பஸ் வந்தால் மார்க்கெட் வேண்டாமா என்று வளர்ந்து, கொலுவை விழுங்கிவிட்டு இந்த அறைக்கே குடிவந்துவிட்டது. பலகை மேல் களிமண்ணும் அட்டையுமாய்க் கோத்தகிரியே எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடமெல்லாம் அப்பா பங்கு. சரிவும் வளைவுச் சாலையும் மனிதர்களும் அவள் பங்கு. குச்சியை நறுக்கி, மேலே ஒரு கடுகை ஒட்டினால் தலை. அப்படி நூற்றுக்கணக்கில் செய்திருந்தாள். "ஊரு என்னுது, சனம் உன்னுது" என்பார் அப்பா. ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஊரே வந்து தன்னைத்தானே பார்த்துவிட்டுப் போகும்.

போன வருஷம் ஆடியில், ஊரின் கீழ் பாதி இன்னும் பாக்கி இருக்கும்போதே அவள் சொன்னாள். கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான படக்கதைக்கு ஓவியம் வரைய ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன அனிமேஷன் படத்தையும் பாதியில் வைத்திருந்தாள். சனி, ஞாயிறு என்றால் மலையேறிக் கடுகு ஒட்ட வேண்டியிருந்தது. சொந்த வேலை எதுவும் நகரவில்லை.

"இனி ஊரு வேலைக்கு நான் வரலீங்கப்பா. கை வேற வேலைக்கு வேணும்."

நஞ்சப்பன் ஸ்வெட்டர் பைக்குள் கைகளை விட்டபடி நின்றார். "செரி கண்ணு" என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கப்புறம் வீடியோவில் பேசும்போதெல்லாம் படம் எதுவரை வந்தது என்று கேட்பார். அப்போதும் கைகள் பைக்குள்தான் இருக்கும். கோத்தகிரிக் குளிரில் அதை யார் கவனித்தார்கள்? அவளும் வீட்டுக்கு வந்தால் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

"அந்தப் பொம்மை ஊரு மேலதான் கெடக்குது" என்றாள் அத்தை. "போயி அதுல ஒரு கிள்ளு மண்ணு எடுத்துக்கிட்டு வா. கரைச்சு நீயே ஊத்து. ஊத்தயில காதுல சொல்லு, நான் செஞ்சு முடிக்கறனுங்கப்பான்னு. அந்த வார்த்தைக்குத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்கறான்."

"அத்தை, அது..."

"சாகக் கெடக்கற மனுசனுக்கு ஒரு சொல்லு குடுக்க மாட்டியா நீயி?"

அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "சொல்லிரு சாமி" என்றாள்.

சொல்வதற்கு என்ன, ஒரு வார்த்தை. ஆனால் அத்தை முன்னால், அம்மா முன்னால், போகிற உயிரின் காதில் சொன்ன வார்த்தையை எந்தக் காலத்தில் திருப்பி வாங்க முடியும்? கடைசிவரை இந்த மலையும் கடுகும்தான். படம் பாதியிலேயே கிடக்கும். அப்பா சாகக் கிடக்கையில் தன் படத்தை நினைக்கிறோமே என்று அவள் உடம்பு கூசியது. அதைவிடப் பயம், அந்தத் தண்ணீரை ஊற்றியவுடன் மூச்சு நின்றுவிட்டால் என்பது.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

ஈர மண்ணும் பசையும் கலந்த வாடை. விளக்கைப் போட்டாள். மேல் பாதி ஊர் அப்படியே இருந்தது. பஸ் ஸ்டாண்டு, கோயில், மாதா கோயில், ஃபேக்டரியின் புகைக்குழாய். கீழ் பாதி இல்லை. அவள் பங்கான தேயிலைச் சரிவும் வளைவுச் சாலையும், நடுவே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளும் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மெல்லிசாகப் பிரித்து, விளிம்பில் புகையாக இழுத்துவிட்டு, ஊருக்குள் ஏறிவருகிற பனியாகப் படுத்திருந்தது.

மேட்டுப்பாளையம் பக்கமிருந்து பனி ஏறினால் நிஜ ஊரும் இப்படித்தான் பாதி காணாமல் போகும். யாரும் அதைக் குறை என்று சொல்லமாட்டார்கள். அப்பா வேலையை முடித்துவிட்டிருந்தார். அவள் இல்லாமலே, அவளுக்குப் பாக்கி எதுவும் வைக்காமல் முடித்துவிட்டிருந்தார். அத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அழுகை வந்தது, சந்தோஷத்தோடு வந்தது.

வெறுங்கையோடு திரும்பினாள்.

"மண்ணு எங்க?"

"வேண்டாமுங்கத்தை. அது முடிஞ்சிருச்சு. அப்பாவே முடிச்சிட்டாங்க."

அத்தை வாயெடுப்பதற்குள் அவள் குனிந்து அப்பாவின் காதருகே போனாள்.

"அப்பா, பாத்துட்டு வந்தனுங்க. பனி ரொம்ப நல்லாருக்குதுங்கப்பா. இனி அதுல செய்யறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஊரு முடிஞ்சிருச்சு."

நஞ்சப்பனின் கண் அவள் பக்கம் நகர்ந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த வலது கை லேசாக எழும்பியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடி, தொட்டு, எதையோ பிடிப்பதுபோல் சேர்ந்தன. நடுங்கிப் பிரிந்தன. மறுபடி சேர்ந்தன. விடை கொடுக்கிறார் என்று நினைத்து அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு ஏறி நின்றது. எல்லோரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

"ஏனுங்க" என்றாள் அம்மா. தினமும் டீயை வைத்துவிட்டு எழுப்புகிற குரலிலேயே மறுபடி, "ஏனுங்க" என்றாள்.

அத்தை பெருங்குரலெடுத்து அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்து, வேலைக்கு இறங்கிவிட்டாள். சாவு வீட்டில் அத்தைமாருக்கு இருக்கிற சுறுசுறுப்பு வேறு எங்கேயும் வராது. கண்ணை மூடிவிட்டாள். தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள். கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்தாள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லவும் மாலைக்குமாகக் கதிர் கிளம்பிப்போனான். ஜன்னலுக்கு வெளியே பனி வேலிவரை ஏறியிருந்தது. காட்டெருமை போய்விட்டதா, உள்ளே நிற்கிறதா என்று தெரியவில்லை.

"மூக்குக்கு வெக்கறதுக்குப் பஞ்சு எடு" என்றாள் அத்தை.

விளக்குத்திரிப் பஞ்சு இருந்த டப்பா காலியாகக் கிடந்தது. "அந்த ரூம்புல பாரு சாமி" என்றாள் அம்மா. "ஊட்டுப் பஞ்சையெல்லாம் அங்கதான் கொண்டுக்கிட்டுப் போனாரு. பத்தலைன்னு மருந்துக்கடையிலயும் போயி வாங்கியாந்தாரு."

ஷண்முகப்ரியா மறுபடி அந்த அறைக்குள் போனாள். பலகைக்கு அடியில் பஞ்சு சுற்றிவந்த நீலத்தாள்கள் மட்டும் கசங்கிக் கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை. சரி, ஓரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று பனியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

அடியில் வெறும் பலகை இல்லை.

லயத்து வீடுகள் இருந்தன. ஒன்றாவது நேராக இல்லை. சுவர்கள் சரிந்து, கூரைகள் நழுவி, ஒவ்வொன்றிலும் கட்டை விரல் ரேகை ஆழமாகப் பதிந்திருந்தது. அமுக்கிவிட்டு மறுபடி எழுப்பி, மறுபடி அமுக்கியிருந்த களிமண். அவள் இன்னும் கொஞ்சம் தூக்கினாள். வளைவுச் சாலைக்கு இழுத்த சாம்பல் வண்ணம் பாதையை விட்டு ஓடி, பள்ளத்தில் வழிந்து காய்ந்திருந்தது. சரிவு முழுக்கக் குச்சிகள். கொழுந்து பறிக்கிற சனம். சாய்ந்தும் விழுந்தும் கிடந்த அந்தக் குச்சிகளில் ஒன்றுக்காவது தலை இல்லை. கடுகுகள் பசையோடு சரிவெங்கும் சிதறி ஒட்டியிருந்தன.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஸ்வெட்டர் பையும், அதிலிருந்து அவர் வெளியே எடுக்காமலே வைத்திருந்த கைகளும் நினைவு வந்தன.

"கண்ணு, பஞ்சு கெடச்சுதா?" நடையிலிருந்து அத்தையின் குரல். காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

"கெடச்சிருச்சுங்கத்தை. நீங்க வராதீங்க, நானே கொண்டாறன்."

இரண்டு மூக்குத் துவாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறகு மற்றக் கையால், கிள்ளிய இடம் தெரியாதபடி மீதிப் பஞ்சை மெல்ல மெல்ல இழுத்து, கடைசி வீட்டின் கூரைவரை மூடினாள்.