மிதந்த துளி

வாருங்கள், கிழக்குத் தாம்பரத்தின் இந்த ஆலயக் கூடத்துக்குள் வந்து நின்று பாருங்கள். தானம் என்ற உயர்ந்த சொல்லின் மறைவில் நடக்கும் ஓர் அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய ரத்ததான முகாம். வரிசையின் தலையில் நிற்கிறாள் கிறிஸ்டி, பல்லாவரத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியை. முகாம் தவறாமல் கொடுப்பவள். வாசலில் தொங்கும் பதாகையில் சிரிப்பதும் அவள் முகமே. அந்த முகத்தின் உதடுகள் வெளுத்துவிட்டதை எவரும் பார்க்கவில்லை.

ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதிப் படியிலேயே அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிச் சில மாதங்களாயிற்று. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பாள். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போவார்கள். சென்ற முகாமில் ரத்தம் எடுத்து முடிந்ததும் ஒரு கை இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளைத் திணித்தது. தினமும் போடச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தது. போட்டாள். மலம் கறுத்தது. குடலுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது என்று நடுங்கிப்போனாள். தவறாமல் ரத்தம் கொடுத்ததற்காக மேடையில் சால்வை போர்த்தப்பட்ட பெண் கழிப்பறைச் செய்தியை யாரிடம் போய்ச் சொல்வாள்? அதைவிடக் கொடிய அச்சம் அடுத்து வந்தது. தனக்குள் கறுத்துக் கிடக்கும் அது, தன் ரத்தத்தோடு ஏதோ ஒரு குழந்தையின் உடலுக்குள் போய்விட்டால்? கொடுக்கும் ரத்தம் தூய்மையாக இருக்க வேண்டுமென்று மாத்திரையை நிறுத்தினாள், அதற்காகவே நிறுத்தினாள்.

விரல் நுனியிலிருந்து எடுத்த துளி நீலக் கரைசலில் விழுந்தது. சத்துள்ள ரத்தமென்றால் மூழ்க வேண்டும். அவளுடைய துளி மிதந்தது.

முகாமை நடத்தும் லாசரஸ் எட்டிப் பார்த்தார். "என்னம்மா கிறிஸ்டி, உன் ரத்தம் நீச்சல் கிளாஸ் போவுதா?"

வரிசை சிரித்தது. அவர் குரலைத் தாழ்த்தி, முதல் ஆளே திரும்பிப் போனால் மற்றவர்களும் கலைந்துவிடுவார்கள், வேறு விரலில் பாருங்கள் என்று, துளியைச் சோதித்துக்கொண்டிருந்த டாக்டர் ஹேமாவதியிடம் கெஞ்சினார். இரண்டாம் துளி நடுவில் தயங்கி, மீண்டும் மேலே வந்தது. அதற்குள் லாசரஸ் கிறிஸ்டியைக் கட்டிலில் உட்கார்த்தியிருந்தார். பழக்கத்தில் அவளே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். பிறகு உடைந்தாள்.

"டாக்டர், உள்ள ரத்தம் போகுது. நான் செத்துடுவேனா?"

ஹேமாவதி நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அது மாத்திரையால வர்ற கலர்மா. எதுக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். மாத்திரை போட்டா ரத்தம் கெட்டுப்போகாது. இதெல்லாம் உனக்கு யாருமே சொல்லலையா?"

"கைதான் தட்டுனாங்க, டாக்டர்."

இன்றைக்கு இவளிடம் எடுக்க முடியாது என்றார் ஹேமாவதி. லாசரஸ் விடவில்லை. "பாதி பையாவது எடுங்க மேடம். அவளே ஆசையா வந்திருக்கா. இல்லம்மா?"

கூடம் முழுவதும் அவளைப் பார்க்கிறது. எழுந்தால் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தில், நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

தோழர்களே, இன்னும் ஏன் வாசலில் நிற்கிறீர்கள்? உள்ளே வாருங்கள். அந்தச் சட்டைக் கையை இறக்கிவிடுங்கள்.