பின்சீட்டு அளவுக்கு ஒரு மெத்தை

நாறும்பூநாதன் தன் பழைய இம்பாலா காரை விற்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதற்கு ஊர் ஆளுக்கொரு காரணம் சொன்னது. வயலெல்லாம் போன பிறகு மிச்சமிருக்கிற ஜம்பம் அது ஒன்றுதான் என்றார்கள். மகன் குமரவேலோ, "அப்பா, அது காருல்ல, பெட்ரோல் குடிக்கித ஆனை. ஒரு சாமான் போனா மெட்ராஸு, பம்பாய்னு ஆள விட வேண்டியிருக்கு. பேசாம ஒரு எஸ்டீம் எடுப்போம்" என்று மன்றாடிப் பார்த்தான். "பாப்போம்லே" என்பதற்கு மேல் அப்பா வாயைத் திறக்கவில்லை.

உண்மையான காரணம் வேறு. மனைவி சண்முகசுந்தரிக்கு வயிற்றில் கட்டி. மாதாமாதம் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு வரவேண்டும். ஊசி போட்ட அன்று அவளால் உட்கார முடியாது. இம்பாலாவின் பின்சீட்டு கட்டில் மாதிரி. காலை நீட்டிப் படுத்துக்கொண்டே திருநெல்வேலி வந்துவிடலாம். புதுக் கார்களில் ஆட்டுக்குட்டியைக்கூடப் படுக்கவைக்க முடியாது என்பது அவர் கட்சி. இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தேவலை. பெண்டாட்டி மேல் உள்ள பிரியத்தைச் சொல்வதென்றால் மட்டும் நம் ஆட்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சொல்லத் தெரியாதவர் செய்து காட்டினார். டவுனில் மெத்தை தைக்கிறவரைக் கூட்டிவந்து, பின்சீட்டை அளக்கச் சொல்லி, அதே நீள அகலத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைத்து வாங்கினார். ஒரு சாயங்காலம் அதை விரித்து, தானே ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"எப்படி இருக்கு?"

சண்முகசுந்தரி மெத்தையைப் பார்த்தாள். தொடவில்லை.

"மாமாவையும் மதுரையிலேருந்து இதுலதானே கொண்டாந்திய" என்றாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். உயிர் சொந்த வீட்டில்தான் பிரியவேண்டும். தெருவில் அதற்கு இம்பாலாவை விட்டால் வேறு வண்டி கிடையாது. அவள் மாமா என்று சொன்ன அவருடைய அப்பா, எதிர்வீட்டுத் தாணுமாலையன், கீழவீட்டு வாத்தியார் என்று எத்தனையோ பேர் அந்தப் பின்சீட்டில் நீட்டிப் படுத்துத்தான் கடைசியாக வீடு வந்தார்கள். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லாமல் சாவியைக் கொடுத்தவர் அவர். அதைப் புண்ணியம் என்று நினைத்தாரே தவிர, ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்ததே இல்லை.

"ஏளா, நான் அதுக்கா தச்சேன்? உனக்கு வலிக்கப்படாதுன்னு..."

"தெரியும். நீங்க அப்படி நினைக்கல. ஆனா இதுல படுத்தா எனக்கு அந்த நினைப்புதான் வருது. மாசாமாசம் என்னைக் கடைசியாக் கொண்டாரது மாதிரி இருக்கு. நம்ம பய சொல்லுத புதுக் கார வாங்குங்க. முன்னால உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு வாரேன்."

"உன்னால உக்கார முடியாதே சுந்தரி."

"முடியுத வரைக்கும் உக்காருதேன்."

அந்த வாரமே இம்பாலாவை வாங்கிப்போக மேலப்பாளையம் பீர் முகம்மது வந்தார். கல்யாணங்களுக்கு வாடகைக் கார் விடுகிறவர். "அண்ணாச்சி, மெத்தையும் சேத்துத்தானா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். "கொண்டு போங்க வே" என்று சொல்லிவிட்டு உள்ளே போன நாறும்பூநாதன், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

எஸ்டீம் வந்தது. நிறம் அவள் சொன்னதுதான், மெரூன். மாசியிலும் பங்குனியிலும் முன்சீட்டில் உட்கார்ந்தே போய்வந்தாள். ஒருதரம் நாங்குநேரியில் நிறுத்தச் சொல்லி, பைய நடந்து போய்ப் பெருமாளைக்கூடச் சேவித்தாள். கல்யாணமானதிலிருந்து பேசாததையெல்லாம் அவர்கள் அந்த ரோட்டில்தான் பேசினார்கள்.

சித்திரையில் டாக்டர், அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

குமரவேல் அப்பாவை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அழைத்துப் போனான். "பாய்க்குப் போன் பண்ணிட்டேம்ப்பா. பழைய வண்டிய அனுப்புதேன்னுட்டாரு. அம்மா படுத்துக்கிட்டே வரலாம்" என்றான். புதுக் கார் கேட்டு மன்றாடியவன் அவன்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

மகன் சொல்வது சரி என்று அவருக்கும் தெரிந்தது. அவளுக்குத் தலை நிற்கவில்லை. கேட்டுவிடலாம் என்றுதான் கட்டிலருகே போனார். அதற்குள் அவளே கண்ணைத் திறந்து, "நம்ம வண்டி வந்துட்டா?" என்றாள்.

"வெளியதான் நிக்கி."

பாயிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, தலையணை கொடுத்து, அவளை உட்காரவைத்தார்கள். குமரவேல் ஓட்டினான். நாறும்பூநாதன் பின்னால் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி அவள் தலை விழாமல் பிடித்துக்கொண்டார். வள்ளியூர் வரை ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும், "வலிக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். அப்புறம் கேட்கவே பயமாக இருந்தது. கொக்கிரகுளம் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது, "ஆத்துல தண்ணி கிடக்கா?" என்றாள். வெறும் மணல்தான் தெரிந்தது. "நெறையக் கிடக்கு" என்றார்.

மறுநாள் காலையில், வீட்டில், அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "பழைய வண்டி இருந்திருந்தா மகராசி வலியில்லாமப் படுத்துக்கிட்டு வந்திருப்பா" என்றார்கள். நாறும்பூநாதன் மறுக்கவில்லை. வழி நெடுக அவள் நகம் அழுந்தியிருந்த இடம் மணிக்கட்டில் கன்றிப்போய்க் கிடந்தது. சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.