சம்பந்தி கொடுத்த நூல்

என் கணவரின் உடல் எடைதான் எங்கள் தொழிலின் மூலதனம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். டாக்டர்கூடச் சிரித்தார். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னபோது, "குறைச்சா எங்க பொழப்பு என்னாகிறது டாக்டர்?" என்று நான் கேட்டது உண்மையான கவலையில்தான்.

நாங்கள் தைப்பது குழந்தை சுமக்கும் பை. அம்மாவோ அப்பாவோ அதை நெஞ்சோடு மாட்டிக்கொண்டு, கைக்குழந்தையை உள்ளே உட்காரவைத்து, இரண்டு கையையும் வீசி நடக்கலாம். துணி, பட்டை, கொக்கி, நூல் எல்லாம் வெளியே வாங்கி, எங்கள் பட்டறையில் தைத்து, ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறோம். அவர்கள் தங்கள் பெயரை ஒட்டிக் கடைகளுக்கு அனுப்புவார்கள். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை, வரிசையாகத் தையல் மெஷின்கள், வாயும் கையும் ஓயாத சில பெண்கள், அவர்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பேசும் நான்.

புதுச் சரக்கு எது வந்தாலும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை வைத்து ஒரு பை தைப்போம். கூரை உத்திரத்திலிருக்கும் இரும்பு வளையத்தில் மாட்டி, ஒரு பலகையைக் கோத்து, என் கணவரை உட்காரவைப்போம். அவர் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். படித்து முடிக்கும் வரை தையல் அசையவில்லை என்றால் சரக்கு தேறிவிட்டது. பட்டைக்காரர், கொக்கிக்காரர் எல்லாரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரிப் பக்கத்திலேயே நிற்பார்கள். "அக்கா, விளம்பரத்தையும் படிச்சாகணுமா?" என்று கொக்கிக்காரர் ஒருமுறை கெஞ்சினார். வரி விளம்பரம் உட்படப் படித்தாக வேண்டும் என்றேன். கறார் என்றால் கறார்தான்.

இந்தக் கறார் ஒரே ஒருவரிடம் மட்டும் செல்லாமல் போயிற்று. அவர் எங்கள் சம்பந்தி.

மகளை அவர் வீட்டுக்குக் கொடுக்கும்போதே அவர் நூல் வியாபாரிதான். எவரிடமோ வாங்குவதை உறவிலேயே வாங்கலாமே என்று கல்யாணம் முடிந்த கையோடு அவரிடம் மாறினோம். முதல் தடவை நூல் வந்து இறங்கியதும் வழக்கம்போலப் பலகையை எடுத்தேன். என் கணவர் பதறிவிட்டார்.

"ஏம்மா, சம்பந்தி சரக்கையா தொங்கவிட்டுப் பாக்கப்போற? அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பாரு? நம்ம பொண்ணு அங்க வாழுது, ஞாபகம் இருக்கா?"

அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கிப்போனேன். பலகை மூலைக்குப் போயிற்று. ஆனால் விலை பேசும்போது மட்டும் எனக்கு எந்தக் கூச்சமும் வரவில்லை. உறவைச் சொல்லியே ஒவ்வொரு முறையும் அடித்துப் பேசினேன். அவரும் மறுபேச்சில்லாமல் "நீங்க சொன்னா சரிங்க" என்பார். இப்படி ஒரு தங்கமான மனுஷரா என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை எங்கள் பட்டறையின் கெட்டிக்காரத் தையல்காரி, நாங்கள் சுருட்டை என்று கூப்பிடுகிறவள், என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு."

ஊசியை மாற்று என்றேன். மாற்றினாள். மெஷினுக்கு எண்ணெய் விடு என்றேன். விட்டாள். அப்புறமும் அறுந்தது. "உன் கைதான் இன்னைக்குச் சரியில்ல" என்று வள்ளென்று விழுந்தேன். அவள் நூலின் நுனியை என்னிடம் நீட்டினாள். இரண்டு கையிலும் சுற்றி இழுத்தேன். நல்ல நூலாக இருந்தால் விரலை அறுக்குமே தவிர, தான் அறாது. இது பட்டென்று கையோடு வந்துவிட்டது.

தைத்து முடித்த பை ஒன்றை எடுத்து வளையத்தில் மாட்டினேன். "என்னங்க, வந்து உட்காருங்க."

"அது சம்பந்தி நூலும்மா..."

"உட்காருங்கன்னா உட்காருங்க!"

உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்தார். பை தாங்கியது. "பாத்தியா? அநியாயமா அந்த மனுஷரைச் சந்தேகப்பட்டியே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினார். டர்ரென்று ஒரு சத்தம். பலகை ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம், நடுவில் அவர். பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அதே நூலில் தைத்த பைகள் ஒரு வண்டி நிறைய ஏற்கெனவே கம்பெனிக் கிடங்குக்குப் போய்விட்டன. ஏற்றிவிட்டவர்களே அவர்கள்தான்.

"நான் விழுந்தா குழந்தை விழுந்துடுமா? என் எடை எங்க, குழந்தை எடை எங்க?" என்றார் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே.

"நீங்க ஒரு தடவை உட்காருறீங்க. அது தினம் உட்காரும். துள்ளும், எம்பும், காலை உதைக்கும். என்னைக்காவது ஒரு நாள் நடுரோட்டுல விட்டுச்சுன்னா?"

அவர் மெதுவாக, லேபிளைத் தப்பாகத் தைத்துவிட்டோம் என்று சொல்லிப் பைகளைத் திரும்ப வாங்கிவிடலாம், சத்தமில்லாமல் வேறு நூலில் தைத்துக் கொடுத்துவிடலாம் என்றார். யோசனை நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. அந்தக் கம்பெனியை விட்டால் எங்களுக்கு வேறு ஆர்டர் கிடையாது. இத்தனை பெண்களுக்கும் அந்த மெஷின்தான் சோறு. போதாததற்கு, கேட்டால் சம்பந்தி பெயரைச் சொல்ல வேண்டும். மகள் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது? ஆனால் லேபிள் என்று சொன்னால், திரும்பி வரும்வரை அவசரத்துக்கு நாலு பையைக் கடைக்கு அனுப்பிவிட மாட்டார்களா? லேபிள் தப்பானதால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றுதானே நினைப்பார்கள்?

கம்பெனியில் சரக்கு வாங்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "மேடம், நாங்க அனுப்பின பையில ஒண்ணைக்கூட வெளிய விடாதீங்க. தையல் நிக்கல."

"யாரு சொன்னா?"

"நாங்களேதான். இப்பதான் பாத்தோம். நூல் சரியில்ல."

"நூல் யாரு குடுத்தது?"

என் கணவர் எதிரில் நின்று இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். "என் சம்பந்தி" என்றேன்.

"நீங்க எல்லாத்தையும் தொங்கவிட்டுப் பாப்பீங்கன்னு சொல்வீங்களே. இதைப் பாக்கலையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"அவர் சம்பந்திங்கறதால."

"ஏம்மா, அந்தப் பையில உக்காரப்போற குழந்தைக்கும் அவர் சம்பந்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. பைகளைத் திருப்பி அனுப்புவதாகவும், மேற்கொண்டு ஆர்டர் உண்டா இல்லையா என்பதைத் தாம் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

தையல் விட்ட பட்டையை எடுத்துக்கொண்டு நேராகச் சம்பந்தி கடைக்குப் போனேன். கீழே கடை, மேலே வீடு. சுவர் முழுக்க நூல் கண்டுகள் நிறவாரியாக அடுக்கியிருக்கும். கல்லாவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பட்டையை மேசைமேல் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மில்லுல மாத்தி அனுப்பிட்டாங்களோ..." என்று மென்று முழுங்கினார்.

"மில்லா மாத்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் என் மகள் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "இந்தத் தடவை நான்தாங்க மாத்தினேன். நீங்க கேட்ட விலைக்கு அந்தப் பழைய நூல் கட்டவே கட்டாது. ஒவ்வொரு தடவையும் கைநஷ்டம். பொண்ணு குடுத்தவங்ககிட்ட எப்படிங்க இல்லைன்னு சொல்றது? இது மலிவா கிடைச்சுது. இதுவும் தாங்கும்னு சொன்னாங்க. நானும் தாங்கும்னு நம்பிட்டேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. "கட்டலைன்னா கட்டலைன்னு சொல்றதுக்கென்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"தின்னுடுவீங்களோன்னுதான் பயந்தேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மகளின் கண் கலங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பேச முடியாமல் அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது.

அப்போதுதான் சம்பந்தி தலையை நிமிர்த்தி, தானாகவே ஒன்று சொன்னார். "இதே நூலை மலையேறுறவங்களுக்குப் பை தைக்கிறவர் ஒருத்தருக்கும் குடுத்திருக்கேங்க." நான் கேட்கவில்லை. எனக்கு அது தெரிய வழியும் இல்லை. என் கண்ணெதிரிலேயே ஃபோனை எடுத்தார். நூலை மாற்றிக் கொடுத்தது தாம்தான் என்பதைப் பூசி மெழுகாமல் சொன்னார். அந்தப் பக்கத்து ஆள் கத்திய கத்தல் எனக்கே கேட்டது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்க கம்பெனி அம்மா நம்பரையும் குடுங்க. அவங்ககிட்டயும் நானே சொல்லணும்" என்றார். அதற்கப்புறம்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பைகள் திரும்பி வந்தன. மலைபோல் குவிந்து கிடந்ததைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் சம்பந்தி நல்ல நூலோடு வந்து இறங்கினார். கூடவே என் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எல்லாரும் பாயை விரித்து உட்கார்ந்து தையல் பிரித்தோம். சம்பந்திக்கு ஒரு தையல்கூடப் பிரிக்கத் தெரியவில்லை. துணியையே கிழித்துவைத்தார். "நூல் விக்கிறவருக்கு நூலைப் பிரிக்கத் தெரியலையே" என்று சுருட்டை ஓட்டு ஓட்டென்று ஓட்டினாள். கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் இரண்டு குடும்பமும் இப்படி வேட்டி மடித்துக் கட்டி, மரியாதையை மறந்து, வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது.

கம்பெனி அம்மா வந்தார். புதுத் தையலில் தாமே உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் ஒல்லி, அது போதாது என்று என் கணவர் கௌரவமாக முன்வந்து உட்கார்ந்து பேப்பர் முழுவதும் படித்தார். கம்பெனி அம்மா எங்களைப் பாராட்டவெல்லாம் இல்லை. இப்போதைக்குப் பாதி ஆர்டர், மற்றது போகப் போகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி கிடைத்ததே எனக்குப் போதும் என்றிருந்தது.

அவர் வண்டி கிளம்பியதும் சம்பந்தி புது நூலின் விலையைச் சொன்னார். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்தது. நான் ஒரு எழுத்து பேசுவதற்குள் அவர் கையை உயர்த்தினார். "குறைக்க முடியாதுங்க" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னார். "முடியவே முடியாது."

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா நான் முயற்சி பண்றேன் சம்பந்தி, அந்த வார்த்தை எனக்கு வாயிலேயே வரல" என்றார் என் கணவர்.

மகள்தான் முதலில் சிரித்தாள். எனக்கு நெஞ்சு அப்படியே லேசாகிவிட்டது. முடியாததை முடியாது என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிந்தவர் இனிமேல் ஒரு நூலைத் தாங்கும் என்று சொன்னால், அது தாங்கும்.

"அடுத்த ஆர்டருக்கும் இதே விலையில சேர்த்தே எழுதிக்கோங்க" என்றேன்.